2.4 மில்லிமீட்டர்: ஒரு பழைய கார் ஏன் டயரைத் தின்றது?

மாணவர்களே, ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, ஆனால் உடலை நேராக வைத்துக்கொண்டு, அறையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து பாருங்கள். கால்கள் ஒரு திசையில் போகப் பார்க்கின்றன, நீங்கள் வேறு திசையில் போகிறீர்கள். ஒவ்வோர் அடியிலும் செருப்பு தரையில் கொஞ்சம் பக்கவாட்டில் உரசும். இப்படியே ஓர் ஆண்டு நடந்தால் அந்தச் செருப்பு என்ன ஆகும்?

தைப்பிங்கில் இருக்கும் என் பெரியப்பாவின் காருக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. உருண்டை முகமும் தவளைக் கண் விளக்குகளும் கொண்ட அந்தக் காரை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் உடனே அடையாளம் சொல்வார்கள். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை தயாரான கார் அது. மொத்தம் சுமார் 16 லட்சம் மைனர்கள் உருவாயின. அந்தக் கால மலாயாவிலும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மருத்துவர்கள் என்று பலர் வீட்டு வாசலில் அது நின்றது.

பெரியப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காருக்குப் புதிதாகச் சாயம் பூசினார். அதோடு முன்சக்கரங்களுக்குப் புது டயர்களும் போட்டார். நான்கு மாதம் ஆவதற்குள் இரண்டு டயர்களின் உள்ளோரமும் வழுக்கையாகிவிட்டது. இடப்பக்க டயரில் இன்னும் மோசம், ரப்பருக்கு அடியில் இருக்கும் இழை வெளியே தெரிந்தது. ஓட்டும்போது கார் இடப்பக்கம் இழுத்தது. பிரேக் பிடித்தால் அந்த இழுப்பு இன்னும் கூடியது.

"நீ அறிவியல் டீச்சர்தானேம்மா, இதுக்கு ஒரு காரணம் கண்டுபிடி பார்ப்போம்" என்றார் பெரியப்பா, பள்ளி விடுமுறைக்குப் போயிருந்தபோது. பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் கணினி மூலம் அலைன்மென்ட் பார்த்ததற்கான அச்சுத்தாள் அது. எல்லா எண்களும் பச்சை நிறத்தில் இருந்தன. அதாவது, எல்லாம் சரி.

எல்லாம் சரியென்றால் டயரை எது தின்கிறது?

முதலில் எளிய காரணங்களை ஒதுக்க வேண்டும். ஒரு பக்க டயரில் காற்று குறைந்தாலும் கார் அந்தப் பக்கம் இழுக்கும். அளந்தோம், இரண்டிலும் சமமாக இருந்தது. பிரேக்கையும் பெரியப்பா ஏற்கெனவே சோதித்திருந்தார். மீதி இருந்தது சக்கரங்கள் நிற்கும் கோணம்.

கார்ச் சக்கரம் நேராக நிற்பதுபோல் தெரியும். உண்மையில் அது மூன்று விதமாகச் சற்றே சாய்த்து அல்லது திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் கேம்பர் என்பது, காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம். மைனருக்கு அது வெளிப்புறமாக 1 பாகை. சாய்ந்த சக்கரம் நேராக உருள விரும்பாது. ஒரு காகிதக் கோப்பையை மேசையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், அது வட்டமடிக்கும். இரண்டு பக்கமும் சமமாகச் சாய்ந்திருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடுகட்டிவிடும்.

காஸ்டர் என்பதைப் புரிந்துகொள்ளப் பேரங்காடித் தள்ளுவண்டி போதும். வண்டியைத் தள்ளும்போது அதன் சிறு சக்கரங்கள் தாமாகவே சுழன்று, தம்மைத் தாங்கும் அச்சுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அச்சு முன்னே, சக்கரம் பின்னே இழுபடும் நிலைதான் அதற்கு நிம்மதி. காரில் சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனையைப் பின்பக்கமாகச் சாய்த்து இதே பலனைப் பெறுகிறார்கள். வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம். மைனருக்கு இந்தச் சாய்வு 3 பாகை. ஒரு பக்கம் காஸ்டர் குறைந்துவிட்டால் கார் அந்தப் பக்கமே இழுக்கும்.

மூன்றாவது, நம் கதையின் நாயகன்: டோ. ஆங்கிலத்தில் கால்விரலைக் குறிக்கும் சொல்தான் இது. மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். மைனருக்கு டோ-இன் வேண்டும். எவ்வளவு தெரியுமா? சக்கர ரிம்மில் அளந்தால், இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கம் 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு ஐம்பது காசு நாணயங்களை அடுக்கினால்கூட இதைவிடத் தடிமன் அதிகம்.

நேராகவே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மைனரில் இயந்திரத்தின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. முன்சக்கரங்கள் வெறுமனே தள்ளப்படுகின்றன. சாலை அவற்றைப் பின்னோக்கித் தடுக்கிறது. டயர் சாலையைத் தொடும் இடம், சக்கரம் திரும்பும் அச்சுக்குச் சற்று வெளியே இருப்பதால், அந்தத் தடை ஒரு திருப்புவிசையாக மாறி இரு சக்கரங்களையும் வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். ரப்பர் புஷ்களும் மூட்டுகளும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஆகவே நிற்கும்போது சற்று உள்ளே திருப்பி வைத்தால், ஓடும்போது ஏறத்தாழ நேராகிவிடும்.

இப்போது இதையே தலைகீழாக யோசியுங்கள். முன்சக்கரங்களே காரை இழுத்துச் செல்வதாக இருந்தால்? அங்கே விசை முன்னோக்கி. சக்கரங்கள் உள்நோக்கி மூடப் பார்க்கும். அந்தக் காருக்கு நிற்கும்போது டோ-அவுட் கொடுக்க வேண்டும். 1959இல் வந்த புகழ்பெற்ற மினி அப்படிப்பட்ட கார்தான். அதற்கு 1/16 அங்குலம் டோ-அவுட். வேடிக்கை என்னவென்றால், மைனரையும் மினியையும் வடிவமைத்தவர் ஒரே மனிதர், அலெக் இசிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்து, பிறகு இங்கிலாந்துக்குப் போனவர். மைனரின் மாதிரி வடிவம் ஒல்லியாகத் தெரிகிறதென்று அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவே 4 அங்குலம் சேர்த்துப் பார்த்தவர் அவர். மைனரின் பானெட் நடுவில் ஓடும் புடைத்த பட்டை அந்த 4 அங்குலத்தின் தழும்பு.

இவ்வளவும் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அச்சுத்தாளின் மேல்பகுதியைப் பார்த்தேன். கார் வகை என்ற இடத்தில் மைனர் என்று இல்லை. மினி என்று இருந்தது.

பட்டறைக் கணினியின் பட்டியலில் அறுபது வயதுக் காரின் பெயர் இருந்திருக்காது. பெயர் ஒத்துப்போவதாக நினைத்து யாரோ மினியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கணினி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, வேறொரு காருக்கு. பின்சக்கரங்களால் ஓடும் காருக்கு டோ-அவுட் கொடுக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே விரிந்திருந்த சக்கரங்கள் ஓடும்போது இன்னும் விரிந்தன. உள்ளோரம் தேய்ந்ததன் காரணம் கிடைத்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருப்பி டோ-இன் வைத்தால் முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன்.

நூலும் குண்டும் சொன்ன சேதி

சரிசெய்வதற்கு முன் இப்போதைய நிலையை நாமே அளப்போம் என்று நினைத்தேன். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு, அளவு நாடா, ஒரு சாக்பீஸ், சமதளமான தரை போதும். பெரியப்பா வீட்டு முன்மண்டபத்தில் சிமெண்டுத் தரை இருந்தது.

ஸ்டீரிங்கை நேராக வைத்து, காரை மெல்ல முன்னால் தள்ளி நிறுத்தினோம். இரண்டு முன் டயர்களின் பின்புறத்திலும், சக்கர மையத்தின் உயரத்தில், நடுக்கோட்டில் ஒரு புள்ளி வைத்தோம். அங்கிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு அது தொடும் இடத்தைத் தரையில் குறித்தோம். பிறகு சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும்வரை காரை முன்னால் தள்ளினோம். இப்போது அதே புள்ளிகள் டயரின் முன்புறம் வந்துவிட்டன. மறுபடியும் தரையில் குறித்தோம். காரை நகர்த்திவிட்டு, தரையில் இருந்த குறிகளின் இடைவெளியை அளந்தோம்.

ஏன் அதே புள்ளி? ரிம் சற்றுக் கோணலாக இருந்தால், வேறு வேறு புள்ளிகளில் அளப்பது அந்தக் கோணலையும் சேர்த்து அளப்பதாகிவிடும். ஒரே புள்ளியை முன்னும் பின்னும் அளக்கும்போது அந்தப் பிழை கழிந்துவிடுகிறது. இன்னொரு விஷயம்: நாங்கள் அளந்தது ரிம்மில் அல்ல, டயரின் ஓடுபரப்பில். ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அதாவது 356 மி.மீ. டயரின் விட்டம் ஏறத்தாழ 590 மி.மீ. கணிதத்தில் படிக்கும் ஒத்த முக்கோணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரிம்மில் 2.4 மி.மீ. என்பது டயரில் ஏறத்தாழ 4 மி.மீ. ஆகும். மில்லிமீட்டர் கோடுகள் மட்டுமே உள்ள அளவு நாடாவுக்கு இது கொஞ்சம் வசதி.

முதல் அளவீடு: 5 மி.மீ. டோ-அவுட். ஒரு முறை அளந்து நம்பக்கூடாது என்று படிவம் ஒன்றிலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மீண்டும் அளந்தோம். 9 மி.மீ. மூன்றாவது முறை 6 மி.மீ.

"சராசரி எடுத்துடேன்" என்றார் பெரியப்பா.

எடுத்திருந்தால் 6.7 என்று அழகான ஓர் எண் கிடைத்திருக்கும். நானும் அதற்குக் கணிப்பானைத் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் முறையின் பிழை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. நான்கு மி.மீ. வித்தியாசம் நாடாவிலிருந்து வரவில்லை. காரிலிருந்து வந்தது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் ஒரு சக்கரம் வேறு வேறு இடத்தில் போய் நிற்கிறது. அப்படியென்றால் எங்கோ ஒரு மூட்டு ஆடுகிறது. கணினி ஒரே ஒரு முறைதான் அளந்தது, அதனால் அதற்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

9 மி.மீ. என்றால் பெரிதா என்று கேட்காதீர்கள். ஒரு சக்கரத்துக்கு 4.5 மி.மீ., அதை 590ஆல் வகுத்தால் 0.0076. கோணத்தில் அரைப் பாகைக்கும் குறைவு. ஆனால் கார் ஒரு கிலோமீட்டர் போகும்போது அந்தச் சக்கரம் 7.6 மீட்டர் பக்கவாட்டில் போகப் பார்த்து, போக முடியாமல் இழுபடுகிறது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் டயர் பக்கவாட்டில் இழுபடும் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர்! ரப்பர் வளைந்து கொடுப்பதால் அவ்வளவும் உரசலாக மாறுவதில்லை. ஆனாலும் டயர் ஏன் நான்கு மாதம் தாங்கவில்லை என்பது புரிந்திருக்கும்.

சாயத்துக்கு அடியில்

பெரியப்பாவுக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயும் தமிழும் கலந்து பேசுவார், மைனர்களைச் சின்ன வயதிலிருந்தே பிரித்து மாட்டியவர். எங்கள் எண்களைக் காட்டியதும் தலையை ஆட்டினாரே தவிர எதுவும் சொல்லவில்லை. காரை ஜாக்கியில் உயர்த்தி, அடியில் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்தார். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் கையோ தலையோ நீட்டக்கூடாது. இதை வகுப்பில் சொல்லும் குரலிலேயே சொல்கிறேன்.)

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் 3, 9 மணி இடங்களைப் பிடித்து ஆட்டினார். ஸ்டீரிங் கம்பிகளின் மூட்டு தளர்ந்திருந்தால் இங்கே தெரியும். ஒன்றும் இல்லை. பிறகு 12, 6 மணி இடங்களைப் பிடித்து ஆட்டினார். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் 'டக், டக்' என்றது. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொன்னார். பிரேக் பிடித்தால் சக்கரமும் அது சுழலும் பகுதியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது ஆட்டம் நின்றால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் அதற்கும் உள்ளே இருக்கும் மூட்டில். பிரேக்கை அழுத்தினேன். டக், டக். நிற்கவில்லை. எவ்வளவு எளிய சோதனை பாருங்கள், ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றி இரண்டு காரணங்களைப் பிரித்துவிட்டார்.

மைனரின் முன்சக்கரம் ஒரு செங்குத்தான தண்டில் நிற்கிறது. அந்தத் தண்டின் மேலும் கீழும் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். டிரனியன் எனப்படும் இரு மூட்டுகளுக்குள், நட்டுக்குள் போல்ட் போவதுபோல, அது திருகப்பட்டிருக்கும். நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை உள்ளே கொஞ்சம் சுழல்கிறது. உலோகமும் உலோகமும் உரசும் இடம் அது. ஆகவே ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் அடிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சிறு நிப்பிள் இருக்கிறது.

இடப்பக்கம் அந்த நிப்பிளைக் காணோம். பெரியவர் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். புதுச் சாயத்துக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. காரைப் புதுப்பித்தபோது அதன்மேலும் சேர்த்துச் சாயம் அடித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாகப் பெரியப்பா கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தியதெல்லாம் அடைபட்ட துளையின் மேல்தான். கிரீஸ் வெளியே வழிந்ததைப் பார்த்து, உள்ளே நிறைந்துவிட்டது என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறார்.

மூட்டைக் கழற்றியபோது கீழ்முனையின் மரைகள் பாதிக்குமேல் தேய்ந்து கூர்மையாகியிருந்தன. காரின் இந்த மூலையில் ஏறத்தாழ 200 கிலோ எடை உட்கார்ந்திருக்கிறது. மரை முழுவதும் தேய்ந்தால் தண்டு மூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், சக்கரம் மடங்கி, கார் அந்தப் பக்கம் தரையில் விழும். மைனர்களுக்கு இது பேர்போன குறை. மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் பிழைத்தோம். நெடுஞ்சாலையில் நடந்தால்? முந்திய வாரம்தான் பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்தக் காரில் பினாங்குக்குப் போய் வந்திருந்தார்கள். பெரியப்பா அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

இடப்பக்க இழுப்புக்கும் காரணம் அங்கேயே இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை முன்னும் பின்னும் நகராமல் ஒரு கம்பி பிடித்திருக்கிறது. அதன் முனையில் உள்ள ரப்பர் புஷ் வெடித்து நைந்துபோயிருந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் அடிப்பகுதி பின்னால் நகர்ந்து, காஸ்டர் கோணம் அந்தப் பக்கம் மட்டும் குறைந்திருக்கிறது. தள்ளுவண்டியை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா?

உதிரிப்பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வர மூன்று வாரம் ஆனது. வலப்பக்க மூட்டையும் சேர்த்தே மாற்றினார்கள். அதன் பிறகு நாங்கள் மீண்டும் நூலும் குண்டுமாக உட்கார்ந்தோம். 4 மி.மீ. டோ-அவுட். இரண்டாவது முறை 4. மூன்றாவது முறை 5. மினிக்கு வைத்த அளவு இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அந்த மூன்று எண்களைப் பார்த்த மகிழ்ச்சி, அச்சுத்தாளின் பச்சையைப் பார்த்தபோது வரவில்லை.

மைனரில் கேம்பரையும் காஸ்டரையும் திருகி மாற்ற வழியில்லை. பாகங்கள் நன்றாக இருந்தால் அவையும் சரியாக இருக்கும். டோவை மட்டும் மாற்றலாம். ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடுகளின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவு திருப்பினார் பெரியவர். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீரிங் சக்கரம் கோணலாக நிற்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் காரைப் பின்னால் தள்ளி மீண்டும் முன்னால் கொண்டுவரச் சொன்னார். நின்ற இடத்திலேயே திருப்பினால் டயர் தரையில் ஒட்டிக்கொண்டு, முறுகி நின்று, பொய்யான அளவைக் காட்டும். ஆறாவது முயற்சியில் 4 மி.மீ. டோ-இன் வந்தது. மாலை மழை பிடித்துக்கொண்டதால் மறுநாள் காலையில்தான் ஓட்டிப் பார்க்க முடிந்தது.

கோலா செப்பெத்தாங் சாலையில் பெரியப்பா ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் முகம் சுருங்கியது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகுதேம்மா."

காரை வலப்பக்கத் தடத்தில் ஓட்ட முடியாது, எதிரே லாரி வரும். ஆகவே காலியாகக் கிடந்த ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்துக்குப் போகச் சொன்னேன். தரை மட்டமாக இருந்த இடத்தில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை, நடைவேகத்தில் பிடியைத் தளர்த்தி ஓட்டினார். இரண்டு முறையும் கார் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. மழைநீர் வடிவதற்காக நம் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எந்தக் காரும் கொஞ்சம் இடப்பக்கம்தான் சரியும்.

இப்போது பெரியப்பாவின் கார்க் கதவின் உட்புறத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை கிரீஸ் அடித்த தேதியும் மைல் கணக்கும் அதில் இருக்கின்றன. நிப்பிளைச் சுற்றிச் சுரண்டிய இடத்தில் மட்டும் சாயம் இல்லை. அதை மறுபடி பூச அவர் யாரையும் விடுவதில்லை.